மாத்திரையின் ஆயுளைப் பொய்யாக எழுதியவர்கள்: ரான்பாக்ஸி வழக்கும் திருகோணமலையின் மருந்துக் களஞ்சியங்களும்

2013 மே 13 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில், இந்திய மருந்துக் கம்பனியான ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை ஏழு பாரிய குற்றங்களை ஒப்புக்கொண்டது. தரங்கெட்ட மருந்தை ஏமாற்றும் நோக்கத்தோடு சந்தைக்கு அனுப்பியதற்கு மூன்று, தெரிந்துகொண்டே அரசுக்குப் பொய் எழுதிக் கொடுத்ததற்கு நான்கு. தண்டமும் இழப்பீடுமாகக் கட்டிய தொகை 50 கோடி டொலர். அதுவரை எந்தப் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துக் கம்பனியும் மருந்துப் பாதுகாப்பு விடயத்தில் அமெரிக்க அரசுக்கு இவ்வளவு பெரிய தொகையைக் கட்டியதில்லை. அந்த வழக்கைத் தொடக்கி வைத்தவர் ஒரு தனி மனிதர். பெயர் தினேஷ் தாக்கூர். அதே கம்பனியில் இரண்டு வருடங்கூட முழுதாக வேலை பார்க்காதவர்.

இதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் நகரத்துப் பொது வைத்தியசாலையிலும் கிளினிக் கொப்பியோடு விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கிடைக்கும் மருந்தில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து வருவது. நல்ல மருந்துகள் ஏராளமாக வருகின்றன. மலிவான அந்த மருந்துகள் இல்லாவிட்டால் நம் இலவசச் சுகாதார சேவை ஒரு மாதங்கூட நிற்காது. அதனால்தான் அவற்றின் தரம் பற்றிய கேள்வி நம்முடைய கேள்வியாகிறது. கையிலிருந்து காசு கொடுக்காமல் வாங்குவதால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கில்லை என்ற எண்ணம் இந்தப் பக்கத்து ஏழைகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சீனிக்கும் மாவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அவர்கள் கொடுத்த காசில்தான் அந்த மாத்திரை வாங்கப்பட்டிருக்கிறது.

பொய் எங்கே இருந்தது

மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதி குத்துமதிப்பாகப் போட்டது இல்லை. தயாரித்த ஒவ்வொரு வகையிலும் மாதிரிகளை எடுத்து, குறித்த வெப்பத்திலும் ஈரப்பதனிலும் வைத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். மருந்தின் வீரியம் எப்போது குறையத் தொடங்குகிறது, வேண்டாத இரசாயனம் எப்போது உண்டாகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு: 30 பாகை செல்சியஸ், 75 வீத ஈரப்பதன்.

மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டிய இந்தச் சோதனைகளில் சிலவற்றை ரான்பாக்ஸி ஒரே நாளில், அல்லது சில நாட்களுக்குள், செய்து முடித்திருந்தது. அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் வேறு திகதிகள் இருந்தன. சோதனைக்காகக் காத்திருந்த மாதிரிகள் நெடுங்காலம் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தன, அதையும் மறைத்தார்கள். குற்றப்பத்திரத்தில் இடம்பெற்ற மருந்துகளில் வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கபாபென்டின் இருந்தது. சிப்ரோஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்தது.

குளிர்சாதனப் பெட்டி என்ற அந்த ஒரு விவரத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிடுகிறேன். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் குச்சவெளியிலோ சம்பூரிலோ ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேல் இருக்கும் மாத்திரைப் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வெயிலை அது தாங்குமா என்பதைச் சோதிக்கத்தான் அந்த விதியே இருக்கிறது. குளிரில் வைத்து எடுத்த மாதிரியில் வீரியம் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்தால், சோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள். வலிப்பு நோயாளி ஒருவர் வீரியம் குறைந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். வலிப்பு மீண்டும் வருகிறது. வைத்தியர் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் நல்ல மாத்திரை வந்தால் அந்த அளவே அவருக்கு அதிகமாகிவிடும். இதில் எந்தக் கட்டத்திலும் மருந்தின் மீது யாருக்கும் சந்தேகம் வராது. "ஒழுங்காகக் குளிசை போடவில்லை" என்று நோயாளிதான் ஏச்சு வாங்குவார். மருந்து மோசடியைப் பணமோசடி என்று மட்டும் எண்ணி விசாரிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டவர்

தாக்கூர் தொழிற்சாலைக்குள் இருந்து எதையும் கண்ணால் கண்டு பிடித்தவர் அல்லர். அவர் தகவல் முகாமைப் பிரிவின் பொறுப்பாளர். அமெரிக்காவில் பெரிய மருந்துக் கம்பனி ஒன்றில் பணியாற்றிவிட்டு 2003 இல் ரான்பாக்ஸியில் சேர்ந்தார். ஆபிரிக்காவுக்கான எயிட்ஸ் மருந்துகளின் சோதனைத் தரவுகள் நம்பத்தக்கவையல்ல என்ற செய்தி 2004 இல் ஆராய்ச்சிப் பிரிவின் புதிய தலைவருக்கு எட்டியது. கம்பனி விற்கும் மற்ற மருந்துகளின் நிலை என்ன என்று பார்க்கும்படி அவர் தாக்கூரிடம் சொன்னார்.

தாக்கூர் செய்தது எளிமையான வேலை. ஒவ்வொரு நாட்டுக்கும் பதிவுக்காக என்ன தரவு கொடுக்கப்பட்டது என்று பட்டியலிட்டார். அந்தத் தரவுக்கு ஆதாரமான மூலப் பதிவைத் தொழிற்சாலைகளிடம் கேட்டார். பல இடங்களில் மூலப் பதிவே இல்லை. கண்டுபிடித்தவை பணிப்பாளர் சபையின் குழு ஒன்றின் முன் வைக்கப்பட்டன. நடவடிக்கை எதுவும் வரவில்லை. ஆராய்ச்சித் தலைவர் விலகினார். சில மாதங்களில், 2005 ஏப்ரலில், தாக்கூரும் வேலையை விட்டார்.

நம் வைத்தியசாலைகளில் மருந்தாளராகவும் களஞ்சியப் பொறுப்பாளராகவும் இருக்கும் தம்பி தங்கையருக்கு இந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மோசடி இரண்டு காகிதங்கள் ஒத்துப்போக வேண்டிய இடத்தில் ஒத்துப்போகாதபோது வெளிப்படுகிறது. இருப்பு அட்டையில் உள்ள தொகுதி இலக்கமும் (ஒரே தடவையில் தயாரித்த மருந்துக்குக் கொடுக்கும் எண்) பெட்டியில் அச்சிட்ட இலக்கமும். களஞ்சியம் வார்ட்டுக்குக் கொடுத்ததாக எழுதிய அளவும் வார்ட் புத்தகத்தில் பெற்றதாக எழுதிய அளவும். கொள்வனவு ஆணையில் உள்ள உற்பத்தியாளரின் பெயரும் குப்பியில் உள்ள பெயரும். இவற்றைப் பார்ப்பதற்குப் பெரிய பதவி தேவையில்லை. பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிறிய பதவியில் இருப்பவர்களே.

மொட்டைக் கடிதம் வழக்கானது

வேலையை விட்ட பிறகு 2005 ஓகஸ்டில் தாக்கூர் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு எழுதினார். சொந்தப் பெயரில் எழுதவில்லை. கம்பனியின் கீழ்நிலை ஊழியர் ஒருவர் எழுதுவதைப் போல எழுதினார். நம் ஊர்க் கந்தோர்களுக்கு நன்கு பழக்கமான மொட்டைக் கடிதம்தான் அது. நம் ஊரில் மொட்டைக் கடிதம் போகும் வழி எல்லோருக்கும் தெரியும்: மேலிடத்துக்குப் போய், "அறிக்கை தரவும்" என்ற குறிப்போடு, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரின் மேசைக்கே திரும்பி வரும்.

அங்கே நடந்தது வேறு. ஓர் அதிகாரி பதில் எழுதினார்; தகவல் தருபவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். தாக்கூர் தயங்கித் தயங்கித் தன்னை வெளிப்படுத்தினார், ஆவணங்களைக் கொடுத்தார். 2006 பெப்ரவரியில் இந்தியாவின் பவுண்டா சாகிப், தேவாஸ் ஆகிய இடங்களில் இருந்த கம்பனியின் இரு தொழிற்சாலைகளையும் அமெரிக்கப் பரிசோதகர்கள் பார்த்தார்கள். 2007 பெப்ரவரியில் நியூ ஜேர்ஸியில் கம்பனியின் அலுவலகத்தில் தேடுதல் நடந்தது. அதே வருடம் தாக்கூர் அரசின் சார்பில் வழக்குத் தாக்கல் செய்தார்.

அவர் பயன்படுத்திய பொய்க் கோரிக்கைகள் சட்டம் (False Claims Act) 1863 இல் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், ஆபிரகாம் லிங்கன் சனாதிபதியாக இருந்தபோது, இராணுவத்துக்குப் பொருள் விற்று ஏமாற்றிய வியாபாரிகளைப் பிடிக்கக் கொண்டுவரப்பட்டது. 1986 இல் அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். இன்று அதன் கீழ் வரும் வழக்குகளில் பெரும்பகுதி முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகேட் போன்ற அரச சுகாதாரத் திட்டங்களை ஏமாற்றியவர்கள் மீதானவை. அரசை ஏமாற்றிப் பணம் பெற்றவரின் மீது, அரசுக்காக, எந்தத் தனி மனிதரும் வழக்குப் போடலாம். குற்றம் நிறுவப்பட்டால் இழப்பின் மூன்று மடங்கும் அதற்கு மேல் தண்டமும் கட்ட வேண்டும். அரசு வழக்கைப் பொறுப்பேற்றால் முறைப்பாட்டாளருக்கு மீட்ட தொகையில் 15 முதல் 25 வீதம்; பொறுப்பேற்காமல் அவரே நடத்தி வென்றால் 25 முதல் 30 வீதம். பழிவாங்கி வேலையிலிருந்து நீக்கினால் மீண்டும் வேலையும் நிலுவைச் சம்பளம் இரண்டு மடங்காகவும் கேட்கலாம்.

பங்குத் தொகையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 50 கோடியில் 35 கோடி டொலர் குடியியல் இழப்பீடு. அதில் மத்திய அரசின் பங்கிலிருந்து தாக்கூருக்கு ஏறத்தாழ 4 கோடியே 86 இலட்சம் டொலர் கிடைத்தது. கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். என் கணிப்பில் அந்தச் சட்டத்தின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. வழக்கு முத்திரையிட்டு இரகசியமாகத் தாக்கல் செய்யப்படுகிறது. எதிராளிக்குக்கூட அறிவிப்பதில்லை. குறைந்தது 60 நாட்கள். நீதிமன்றம் அனுமதித்தால் வருடக்கணக்கில். அந்த நேரத்தில் அரசு விசாரித்தாக வேண்டும். விசாரித்து, வழக்கைப் பொறுப்பேற்கிறதா இல்லையா என்று நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். முறைப்பாட்டைக் கோப்புக்குள் போட்டு உறங்க வைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. பணத்தைவிடப் பெரியது அந்தப் பதில் சொல்லும் கடமை.

இந்த வழக்கில் மெச்ச முடியாதவையும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. முத்திரை உடைய ஆறு வருடங்களாயின. அந்தக் காலம் முழுவதும் தாக்கூர் வாயைத் திறக்க முடியாமல் வாழ்ந்தார். 2008 செப்டெம்பரில் இரு தொழிற்சாலைகளிலிருந்தும் வந்த முப்பதுக்கு மேற்பட்ட மருந்துகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஆனால் 2011 இல் அதே கம்பனியின் கொலஸ்ட்ரோல் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அடுத்த வருடமே கண்ணாடித் துணுக்கு அச்சத்தால் அதன் தொகுதிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பொய் எழுதச் சொன்ன, எழுதிய, கையெழுத்திட்ட ஒருவர்கூட அமெரிக்காவில் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. கம்பனி காசு கட்டியது, அவ்வளவுதான். 2016 இல் தாக்கூர் இந்திய உச்ச நீதிமன்றத்தில் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை பற்றிப் பொதுநல மனுக்களைத் தாக்கல் செய்தார். நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. அமெரிக்க நோயாளிக்குக் கிடைத்த நியாயம் இந்திய நோயாளிக்கும் ஆபிரிக்க நோயாளிக்கும் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

நம்முடைய களஞ்சியத்தில் இதே கண்

அமெரிக்காவில் அரசு பெரும்பாலும் தனியாருக்குப் பில் கட்டுகிறது. மோசடி பில்லில் நடக்கிறது. இலங்கையில் அரசே மருந்தை வாங்கி, அரசே வைத்திருந்து, அரசே கொடுக்கிறது. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் சிந்தனையில் 1971 இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வாங்குகிறது. மருத்துவ வழங்கல் பிரிவு பகிர்கிறது. பிராந்திய களஞ்சியம் வழியாக மருந்து தம்பலகாமத்துக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் போகிறது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறது. ஆகவே இங்கே மோசடி நடந்தால் அது பதிவில், கேள்விப்பத்திரத்தில், பெறுகைப் பற்றுச்சீட்டில் நடக்கும். நட்டம் வாங்கும் அரசுக்கு மட்டும் இல்லை. படுக்கையில் கிடப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இது வெறும் ஊகமில்லை. 2023 இல் மருத்துவ வழங்கல் பிரிவுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்தின் குப்பிகள் நாடு முழுவதையும் உலுக்கின. நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டதாக வைத்தியசாலைகளிலிருந்து தகவல் போனது. உற்பத்தியாளராகப் பெயர் குறிக்கப்பட்டிருந்த இந்திய நிறுவனம் அந்த மருந்தைத் தான் அனுப்பவே இல்லை என்றது. போலி ஆவணங்கள் என்ற குற்றச்சாட்டில் அதிகாரிகளும் இறக்குமதியாளரும் கைதானார்கள். முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 அன்று கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் கவனிக்க வேண்டியது, உண்மையின் முதல் நுனி எங்கே பிடிபட்டது என்பதை: நோயாளியின் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்தை எழுதி அனுப்பிய வார்ட்டுகளில்.

இப்போது, இந்த மாவட்டத்தின் ஏதோ ஒரு களஞ்சியத்தில் இளம் மருந்தாளர் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்வோம். விநியோகத்தரின் பற்றுச்சீட்டில் ஆயிரம் குப்பி. எண்ணிப் பார்த்தால் எண்ணூறு. முழுதாகப் பெற்றதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவர் மறுத்தால் முதலில் வருவது மிரட்டல் இல்லை, அன்பான குரல். "தம்பி, பிள்ளைக்கு இப்போதுதான் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது. ஏன் உனக்கு இது?" அதற்குப் பின்னர் இடமாற்றம். திருகோணமலை நகரத்திலிருந்து கோமரங்கடவலைக்குப் போகச் சொன்னால் அது சட்டப்படி தண்டனையாகாது. சேவையின் தேவை என்று எழுதிவிடலாம். முறைப்பாட்டை யார் எழுதியது என்று மறைக்கவும் முடியாது. களஞ்சியத்தில் இருப்பது இரண்டு மூன்று பேர். கோவில் திருவிழாவிலும் பள்ளிவாசலிலும் கலியாண வீட்டிலும் எல்லோரும் எல்லோரையும் சந்திக்கிற ஊர் இது. அமெரிக்க முத்திரையின் அருமை இங்கேதான் நமக்கு உறைக்க வேண்டும்.

அவருக்குச் சட்டத்தில் கைப்பிடி எதுவும் இல்லையா? இருக்கிறது. பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் பற்றிய 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சிறைத்தண்டனையோடு சொத்துப் பெறுமதியின் மூன்று மடங்கு தண்டம் விதிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் அதே மூன்று மடங்கு. ஆனால் இங்கே வழக்கைத் தொடுக்கும் அதிகாரம் அரசின் கையில் மட்டும் உண்டு, முறைப்பாட்டாளருக்கு அதில் இடமோ பங்கோ கிடையாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்ட அரச ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவர்களையும் முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களையும் பழிவாங்கலிலிருந்து காக்க ஏற்பாடு செய்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம் யாருக்கும் திறந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பொய்யான முறைப்பாடு கொடுத்தால் அதே சட்டம் தண்டிக்கும், அது நியாயந்தான். இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், அரச ஊழியரின் சேவை விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் நிற்கிறது. அனுமதியின்றி ஊடகத்தோடு பேசும் அரச ஊழியர் ஒழுக்காற்று நடவடிக்கையை எதிர்கொள்ள நேரும். அதனால் நம் மருந்தாளர் செய்தியாளரை அழைப்பதை முதல் அடியாக வைத்துக்கொள்ளக் கூடாது. முகநூலில் எழுதுவது அதைவிடக் கெடுதல். அன்று மாலைக்குள் ஆவணங்கள் மாறிவிடும்.

அவர் செய்ய வேண்டியது தாக்கூர் செய்தது. பெற்ற அளவை மட்டும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். குறைவு எவ்வளவு என்பதை அதே பற்றுச்சீட்டில், அதே நாளில், மையால் எழுத வேண்டும். தொகுதி இலக்கத்தோடு ஒரு குறிப்பைப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்க வேண்டும். நோயாளிக்கு ஒவ்வாமை என்றால் அதற்குரிய அறிக்கைப் படிவம் இருக்கிறது. அதை நிரப்புவது கடமை, முறைப்பாடு ஆகாது, அதனால் அதுவே மிகப் பாதுகாப்பான முதல் கதவு. கணக்காய்வாளர் நாயகத்தின் உத்தியோகத்தர்கள் வரும்போது கேட்கிற ஆவணத்தை ஒளிக்காமல் கொடுப்பது இரண்டாவது கதவு. மேலிடம் அசையாவிட்டால் ஆணைக்குழு. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். அது அரச கரும மொழி, மொழிபெயர்த்துக் கொடு என்று நம்மிடம் கேட்க எந்தத் திணைக்களத்துக்கும் உரிமையில்லை.

ஆனால் இவ்வளவையும் ஒரு தனி இளைஞரின் தைரியத்தின் மீது சுமத்திவிட்டு நாம் நகர முடியாது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாண வைத்தியசாலைகளின் மருந்தைப் பற்றி எழுந்து நின்று கேள்வி கேட்க மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட திருகோணமலையில் இருக்கும் அந்தச் சபையில் இல்லை. நிர்வாகம் ஆளுநர் செயலகத்திலிருந்து நடக்கிறது. அப்படியானால் கோரிக்கையை அந்த முகவரிக்கே எழுத வேண்டியதுதான். மாகாண சுகாதார சேவையில் உள்ள ஒருவர் மருந்துக் கொள்வனவு அல்லது இருப்புப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை முடிந்து ஆறு மாதம் ஆகும் வரை அவருடைய விருப்பமின்றி அவரை இடமாற்றக் கூடாது. முறைப்பாடு அவர் பணியாற்றும் நிறுவனத்தின் தலைவரைக் கடந்து நேரடியாக மாகாணத்தின் கணக்காய்வுப் பிரிவுக்குப் போக வழி வேண்டும். 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மருந்தாளர் சங்கங்களும் தாதியர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் இது ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை. பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.